உருகி ஏன் எரிந்தது? பழைய இசைப்பெட்டியொன்றின் மின்வழங்கற் பலகை கற்பித்த பாடம்

விழா மலருக்குக் கட்டுரையொன்று தரவேண்டுமென்று பழைய மாணவர் சங்கத்தார் எம்மைக் கேட்டபொழுது, எப்பொருளை எடுத்துக்கொள்வதெனச் சில நாள் மயங்கினோம். இலக்கியத்தையும் வரலாற்றையும் எழுத வல்ல அன்பர்கள் எம் கல்லூரி அன்னையின் மக்களிற் பலர் உளர். நாமோ வாழ்நாளின் பெரும்பகுதியை மின்கம்பிகளின் நடுவே கழித்தோம். ஓய்வு பெற்றபின் இங்கிலாந்திலே, எமது வீட்டுப் பின்கட்டில், பழுதடைந்த பழைய இயந்திரங்களைத் திருத்துவதையே பொழுதுபோக்காகக் கொண்டோம். ஆதலின் எமக்குத் தெரிந்த தொழிலிலிருந்து பாடமொன்றை, நாம் செய்த பிழையையும் மறையாது, மாணவர்க்கு எடுத்துரைப்பதே தக்கதெனத் துணிந்தோம்.

பொருள், ஜூக்பொக்ஸ் எனப்படும் காசுபோடும் இசைப்பெட்டியின் மின்வழங்கற் பலகை. இது வெறும் களியாட்டப் பெட்டியன்றோ, கல்லூரி மலரில் இதற்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். வகுப்பறையிலே நாம் படித்த ஓமின் விதியும், நிலைமாற்றியும், சீராக்கியும், கொள்ளளவியும் ஆகிய யாவும் ஒரு கைப்பலகையளவான இடத்திலே ஒருங்கே நின்று வேலை செய்வதை இதிற்போல வேறிடத்திற் காண்டல் அரிது என்பதே எமது விடை.

இசைப்பெட்டியின் வரலாறு

1889ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரத்து மதுச்சாலையொன்றிலே, லூயிஸ் கிளாஸ் என்பவர் எடிசனின் போனோகிராப்பு இயந்திரத்தைக் காசு போட்டால் ஓடுமாறு அமைத்து வைத்தார். அக்காலத்தில் ஒலிபெருக்கி இல்லை. கேட்போர் குழாயைக் காதில் வைத்துக் கேட்டனர். மின்னாற் பெருக்கிய ஒலி வந்தபின்னரே ஒரு பெட்டி ஒரு மண்டபம் முழுவதற்கும் பாடக்கூடியதாயிற்று. 1948இல் சீபேர்க் நிறுவனம் ஐம்பது இசைத்தட்டுகளின் இருபுறத்தையும் இயக்கி, நூறு பாட்டில் வேண்டியதைத் தெரிந்தெடுக்கும் பெட்டியை வெளியிட்டது. 1949இல் ஆர்.சி.ஏ. விக்ரர் நிறுவனத்தார் நிமிடத்துக்கு 45 முறை சுழலும் சிறு தட்டை வெளியிட, 1950 முதல் இசைப்பெட்டிகளும் அத்தட்டுக்கே மாறலாயின. தொடக்கத்தில் வெற்றிடக் குழாய்களாலும், பின்னர்த் திரான்சிஸ்டர்களாலும், 1970களில் தருக்கச் சில்லுகளாலும் இவை இயங்கின. ஈண்டு நாம் கூறப்போவது அம்மூன்றாம் காலத்துப் பெட்டியொன்றைப் பற்றியதாகும்.

பெட்டி வந்த கதை

எமது ஊரில் முன்னர் மதுச்சாலை நடத்திய முதியவர் ஒருவர், கடையை மூடிய பொழுது மற்றெல்லாவற்றையும் விற்று, இசைப்பெட்டியை மட்டும் வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தார். அவரும் அவர் மனைவியும் முதன்முதற் சந்தித்தது அவ்வகைப் பெட்டியொன்றின் முன்னேயாம். அவர்களுடைய ஐம்பதாவது திருமண நிறைவு நாள் நெருங்கியது. அன்று மாலை அது மீண்டும் பாடவேண்டும் என்பது அவர் விருப்பம். "விளக்கெல்லாம் எரிகின்றது, ஆனால் பொறி அசையவில்லை," என்று கூறிப் பெட்டியை எம்மிடம் ஒப்படைத்தார். இரண்டு வாரம் இருந்தது. அது போதுமென்றே எண்ணினோம்.

அது அமெரிக்காவிற் செய்யப்பட்டு வெளிநாட்டுக்கென அனுப்பப்பட்ட பெட்டி. இத்தகையதைக் கண்டவுடன் முதலிற் பார்க்கவேண்டியது அதன் பெயர்த்தகடு. அமெரிக்க மின்சாரம் ஏறத்தாழ 120 வோல்ற்று, செக்கனுக்கு 60 சுற்று. இங்கிலாந்திலும் இலங்கையிலும் 230 வோல்ற்று, 50 சுற்று. வோல்ற்றளவை ஒரு நிலைமாற்றியால் இறக்கிவிடலாம். மீடிறனை அவ்வாறு மாற்ற இயலாது. 60 சுற்றுக்கு அமைந்த ஒத்தியங்கு மோட்டரை 50 சுற்றில் ஓட்டினால், 45 முறை சுழல வேண்டிய தட்டு 37.5 முறையே சுழலும். பாடகியின் குரல் ஆண்குரல் போலத் தாழ்ந்து ஒலிக்கும். அதனினும் கேடு, 60 சுற்றுக்கே அளந்து செய்த நிலைமாற்றியின் இரும்பகட்டில் அதே வோல்ற்றளவுக்குக் காந்தப்பாயம் ஐந்திலொரு பங்கு மிகுந்து, அது சூடேறுவதாகும். எம்மிடம் வந்த பெட்டியின் தகட்டில் 230 வோல்ற்று, 50 சுற்று என்றே பொறித்திருந்தமையால் அக்கவலை நீங்கிற்று.

மின்வழங்கற் பலகையின் அமைப்பு

சுவரிலிருந்து வருவது ஆடலோட்டம். பெட்டியினுள் இருக்கும் உறுப்புகளுக்கு வேண்டுவது வேறு வேறு. தட்டைத் தூக்கும் வரிச்சுருள்களுக்குப் பெரிய நேரோட்டம் வேண்டும். பாட்டைத் தெரிந்தெடுக்கும் தருக்கச் சில்லுகளுக்குச் சிறிதும் வழுவாத 5 வோல்ற்று வேண்டும். சிறு விளக்குகளுக்கு ஆடலோட்டமே போதும். ஒரே மின்சாரத்தை வாங்கி அவரவர்க்கு வேண்டியவாறு பகிர்ந்தளிக்கும் பண்டகசாலையே மின்வழங்கற் பலகை.

அதன் வேலை நான்கு படியில் நிகழும். முதலாவது, நிலைமாற்றி வோல்ற்றளவை இறக்குகின்றது. இரண்டாவது, நான்கு இருவாயிகள் சேர்ந்த பாலச் சீராக்கி, இருதிசையும் மாறியோடும் ஓட்டத்தை ஒருதிசைப்படுத்துகின்றது. மூன்றாவது, பெரிய மின்பகு கொள்ளளவி, மேடும் பள்ளமுமாய் வரும் அவ்வோட்டத்தை நிரப்பிச் சமன்செய்கின்றது. மழைக்காலத்து நீரைத் தேக்கிக் கோடையில் வழங்கும் குளத்தை ஒத்தது இது. பழைய வானொலி திருத்துநர் இதனைக் கண்டென்சர் என்பர். நான்காவது, எங்கு வோல்ற்றளவு அசையாது நிற்றல் வேண்டுமோ அங்கு, செனர் இருவாயியும் திரான்சிஸ்டரும் கொண்ட சீர்ப்படுத்தி காவல் செய்கின்றது. இவற்றுக்கிடையே, ஒவ்வொரு கிளைக்கும் ஓர் உருகி.

மாணவர் இரண்டு கணக்கைச் செய்து பார்க்க வேண்டுகின்றோம். எமது பெட்டியின் வரிச்சுருட் கிளைக்கு நிலைமாற்றி தருவது 20 வோல்ற்று. ஆனால் சீராக்கிக்கு அப்பால் மானி காட்ட வேண்டியது 20 அன்று. ஆடலோட்டத்தின் உச்சம் அதன் பயன்படுபெறுமானத்தின் 1.414 மடங்கு, எனவே உச்சம் 28.3. இருவாயிகள் இரண்டினூடு செல்கையில் ஏறத்தாழ 1.4 வோல்ற்றுக் கழியும். மீதி ஏறத்தாழ 27. இதை அறியாதவர் 27ஐக் கண்டு நிலைமாற்றி பழுதென்று மயங்குவர்.

இரண்டாவது, கொள்ளளவியின் கணக்கு. முழுவலைச் சீராக்கத்தில் 50 சுற்று மின்சாரம் செக்கனுக்கு நூறு முறை கொள்ளளவியை நிரப்பும், இடைவெளி 0.01 செக்கன். அவ்விடைவெளியில் 1 அம்பியர் எடுத்தால், 4700 மைக்கிரோபரட்டுக் கொள்ளளவியில் வோல்ற்றளவு இறங்குவது, ஓட்டத்தைக் காலத்தாற் பெருக்கிக் கொள்ளளவத்தால் வகுக்க வருவது, ஏறத்தாழ 2.1 வோல்ற்று. இதுவே குற்றலை. கொள்ளளவி முதுமையால் 900 மைக்கிரோபரட்டாகச் சுருங்கினால் அதே கணக்கு 11 வோல்ற்றைத் தரும். அந்நிலையில் வரிச்சுருள் தட்டை இழுத்துப் பிடியாது நடுநடுங்கும். செவியினாலும் இதனை ஓரளவு அறியலாம்: ஒலிபெருக்கியிற் கேட்கும் இரைச்சல் செக்கனுக்கு 100 அதிர்வுடையதாயின் கொள்ளளவியையும், 50 அதிர்வுடையதாயிற் புவித்தொடுப்பையும் கம்பிகளின் மறைப்பையும் முதலில் ஐயுற வேண்டும்.

தொடுமுன் செய்யவேண்டுவன

சுவரிலுள்ள ஆளியை அணைத்தல் போதாது. செருகியையே குதையிலிருந்து கழற்றி, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைத்தல் வேண்டும். அதன்பின்னும் பெட்டி செத்துவிட்டதென்று நம்பலாகாது. கொள்ளளவி மின்னைத் தேக்கிவைத்திருக்கும். 28 வோல்ற்றில் 4700 மைக்கிரோபரட்டுத் தேக்கிய சத்தி இரண்டு யூலுக்குச் சற்றே குறைவு. அது ஆளைக் கொல்லாது. எனினும் திருப்புளி நுனியில் தீப்பொறி எழச் செய்யப் போதும். வெற்றிடக் குழாய்க் காலத்துப் பெட்டியின் நிலை வேறு. அங்கே 400 வோல்ற்றில் 40 மைக்கிரோபரட்டு மூன்று யூலுக்கு மேல் தேக்கும். அவ்வோல்ற்றளவு மார்பினூடு பாய்ந்தால் உயிருக்கே கேடு. ஆதலின் ஆயிரம் ஓம், 5 வாற்றுத் தடையியொன்றைக் காவலிட்ட கம்பிகளிற் பொருத்தி, கொள்ளளவியின் இருமுனைக்கும் இடையே அரை நிமிடம் பிடித்து வெறுமையாக்குக. ஆயிரம் ஓமும் 4700 மைக்கிரோபரட்டும் சேர்ந்தால் நேரமாறிலி 4.7 செக்கன், அதன் ஐந்து மடங்கில் மின் ஏறக்குறைய முற்றும் வடியும். வடிந்ததென்பதை மானியாற் பார்த்தபின்னரே விரல் வைக்க வேண்டும். 400 வோல்ற்றுப் பெட்டிக்கு இத்தடையி பொருந்தாது. அங்கே பல்லாயிரம் ஓம் தடையியைக் கொண்டு பொறுமையாய் வடித்தல் வேண்டும்.

மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றுக. மின்னேற்றி அளக்கவேண்டி வரின் ஒரு கையாலேயே அளக்க. மற்றக் கை முதுகின் பின்னே இருக்கட்டும். இரு கையும் தொட்டால் ஓட்டம் நெஞ்சினூடு செல்லும். புவிக்கம்பியை ஒருபொழுதும் துண்டியாதீர்.

கண்ணால் ஆராய்தல்

மானியை எடுக்குமுன் கண்ணும் மூக்கும் வேலை செய்ய வேண்டும். நாம் பலகையைக் கழற்றி வெளிச்சத்திற் பிடித்தபொழுது நான்கு குறைகள் தெரிந்தன.

ஒன்று, வரிச்சுருட் கிளையின் உருகி எரிந்திருந்தது. பலகையில் அச்சிட்டிருந்தது 4 அம்பியர், மெதுவாய் உருகும் வகை. பொருத்தியிருந்ததோ 10 அம்பியர். இரண்டு, விளக்குக் கிளையின் உருகியில் சிகரெற் பெட்டியின் ஈயத்தாள் சுற்றியிருந்தது. அஃதாவது அங்கே உருகியே இல்லை. மூன்று, பலகைக்குக் கம்பிகள் வந்து சேரும் பலமுனை இணைப்பியில் ஒரு முனை கருகி, அதைச் சூழ்ந்த பலகை பழுப்பேறியிருந்தது. நான்கு, 5 வோல்ற்றுக் கிளையின் திரான்சிஸ்டர் காலைச் சுற்றிய பற்றாசில், முடியளவான வளையக் கீறல் ஓடியது. இப்பெட்டியில் 147ஐ அழுத்தினால் வேறு பாட்டு வந்ததாக முதியவர் முன்பொருமுறை சொல்லியிருந்தார். அக்கீறலே காரணமென்று ஊகித்தோம். அக்காலத்துத் தருக்கச் சில்லுகள் 4.75 வோல்ற்றுக்கும் 5.25 வோல்ற்றுக்கும் இடையில் மட்டுமே செம்மையாய்க் கணிக்கும். கீறிய இணைப்பில் வோல்ற்றளவு தளம்பினால் எண்ணும் தளம்பும்.

கருகிய முனையைப் பற்றி ஒரு சொல். தளர்ந்த தொடுகையில் 0.1 ஓம் தடை உண்டானால் அது அற்பமென்று தோன்றும். ஆயினும் வெப்பம் ஓட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 2 அம்பியரில் அது அரை வாற்றுக்கும் குறைவு. 9 அம்பியரிலோ 8 வாற்றாகும். தீக்குச்சித் தலையளவான இடத்திலே 8 வாற்று என்றால் அது சிறிய பற்றாசுக்கோலின் சூட்டுக்கு அண்மையது. 4 அம்பியர் கிளையொன்றில் இத்துணைச் சூடு எங்ஙனம் வந்தது என்ற வினாவை நாம் அன்றே கேட்டிருத்தல் வேண்டும். கேட்கவில்லை, தளர்ந்த இணைப்பி என்று சொல்லிக் கடந்துவிட்டோம். இதுவே எமது பிழையின் தொடக்கம்.

மானியால் ஆராய்தல்

பல்மானியை இருவாயிச் சோதனை நிலையில் வைத்துப் பாலச் சீராக்கியை அளந்தோம். நல்ல சிலிக்கன் இருவாயி ஒரு திசையில் 0.5 முதல் 0.7 வோல்ற்று வரை காட்டும். மறுதிசையில் ஒன்றும் காட்டாது. நான்கில் மூன்று அவ்வாறே காட்டின. ஒன்று இருதிசையும் சுழியமே காட்டிற்று. உள்ளே உருகி ஒட்டிவிட்டது. அத்தகைய சீராக்கியில் ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அரைச்சுற்றின்போது நிலைமாற்றியின் துணைச்சுருள் குறுஞ்சுற்றாகும். 10 அம்பியர் உருகியும் எரிந்தது அதனாலேயே.

பெரிய கொள்ளளவியைக் கழற்றி அளந்தோம். மேலே எழுதியிருந்தது 4700. மானி காட்டியது 900. மின்பகு கொள்ளளவி என்பது அலுமினியத் தாள்களின் நடுவே மின்பகுபொருளில் ஊறிய கடதாசியைச் சுருட்டி வைத்தது. ஆண்டுகள் செல்ல அவ்வூறல் காயும். சூடு மிகுந்தால் விரைந்து காயும். வெப்பநிலை 10 பாகை செல்சியசு ஏறும்தோறும் ஆயுள் பாதியாகும் என்பது இத்தொழிலாளர் கைக்கொள்ளும் பொதுவிதி. ஐம்பதாண்டு உழைத்த கொள்ளளவியைக் குறைகூற நியாயமில்லை.

மாற்றிப் பொருத்துதல்

புதிய கொள்ளளவி தெரியும்பொழுது, கொள்ளளவம் பழையதற்குச் சமமாக அல்லது சிறிது மிகுதியாக இருக்கலாம். தாங்கும் வோல்ற்றளவு பழையதிற் குறைதல் ஆகாது, மிகலாம். 105 பாகை தாங்கும் வகை நன்று. மிகப்பெரிய கொள்ளளவியைப் பொருத்தினால் நன்மை மிகுமென எண்ணற்க. ஆளியிட்ட கணத்தில் அது விழுங்கும் ஓட்டம் சீராக்கியை வருத்தும். எல்லாவற்றினும் முதன்மையானது முனைவு. மறைமுனையைக் குறிக்கும் கோடு பலகையின் எக்குறிக்கு நேரே இருந்தது என்பதைக் கழற்றுமுன்னரே படமெடுத்து வைக்க. தலைகீழாய்ப் பொருத்தியது வெடிக்கும்.

பழைய பலகையின் செப்புத்தடம் மூப்படைந்த பசையில் ஒட்டியிருப்பது. பற்றாசுக்கோலை நெடுநேரம் அழுத்தினால் தடம் தோல்போல் உரிந்துவிடும். ஆகவே தக்க சூடுள்ள கோலை வைத்து, புதிய பற்றாசிற் சிறிது சேர்த்துப் பழையதை இளக்கி, உறிஞ்சியால் எடுக்க வேண்டும். தகரமும் ஈயமும் 60க்கு 40 கலந்த பற்றாசு 190 பாகைக்குள் உருகுமாதலின் பழைய பலகைக்கு அதுவே இதமானது. காற்றோட்டமான இடத்தில் வேலை செய்து, உண்ணுமுன் கைகழுவுதல் கட்டாயம். நாம் சீராக்கியையும் கொள்ளளவியையும் மாற்றினோம்; கீறிய இணைப்புகளை மீளப் பற்றவைத்தோம்; இணைப்பியின் கருகிய முனையைப் புதிதாக்கினோம்; ஈயத்தாளை எறிந்து, இரு கிளைக்கும் விதித்த உருகிகளையே இட்டோம்.

மின்னேற்றிய முதற்கணம்

திருத்திய பலகையை நேரே சுவரோடு இணைத்தல் அறிவுடைமையன்று. பழைய இழைவிளக்கு 60 வாற்று ஒன்றைத் தொடராக இணைத்து, அதனூடு மின்னேற்றுவது முன்னோர் கண்ட எளிய உபாயம். 230 வோல்ற்றில் அவ்விளக்குக் கால் அம்பியருக்குச் சற்று மேலே விடாது. உள்ளே குறுஞ்சுற்று இருந்தால் விளக்குப் பிரகாசமாய் எரிந்து நிற்கும். பொருள் ஒன்றும் கெடாது. நலமாயின் ஒருகணம் மின்னி, பின் மங்கிவிடும். இதற்குப் புதிய வகை ஒளியுமிழ் விளக்குகள் உதவா. எமது விளக்கு மின்னி மங்கிற்று. பின் நேரே இணைத்து அளக்க, ஒரு கிளை 27 வோல்ற்று, மற்றது 5 வோல்ற்று, கணக்குச் சொன்னபடியே காட்டின. பெட்டியை மூடி, ஒரு தட்டை ஓட்டிப் பார்த்து, முதியவர் வீட்டுக்கு அனுப்பி வைத்தோம். வேலை முடிந்ததென்று மகிழ்ந்தோம்.

வேலை முடியவில்லை

திருமண நிறைவு நாள் மாலை. உறவினரும் நண்பரும் நாற்பது பேர் கூடியிருந்தனர். பெட்டி இரண்டு பாட்டுப் பாடிற்று. மூன்றாவது தட்டைத் தூக்குகையில் நின்றுவிட்டது. திறந்து பார்த்தோம், 4 அம்பியர் உருகி எரிந்திருந்தது. பழைய பெட்டியின் சோம்பல் போலும் என்று எம்மையே தேற்றிக்கொண்டு, வேறொன்றை இட்டோம். ஒரு பாட்டு ஓடிற்று, மறுபடியும் எரிந்தது. எம்மிடம் 4 அம்பியர் உருகி வேறில்லை.

பெட்டியின் அடித்தட்டிலே, முன்னர்த் திருத்தியவர் யாரோ விட்டுச்சென்ற சிறு டப்பா இருந்தது. அதனுள் 10 அம்பியர் உருகிகள் ஐந்தாறு. முதியவர் எம் முகத்தைப் பார்த்தார். "இன்றைக்கு மட்டும்," என்றார். அவர் மனைவி கதவருகே நின்றார். எமது கையும் அந்த டப்பாவை நோக்கிச் சென்றது உண்மை.

அப்பொழுது எம் கல்லூரி ஆய்வுகூடம் நினைவுக்கு வந்தது. எமது பௌதிக ஆசிரியருக்கு ஒரு வழக்கம் உண்டு. பரிசோதனையில் உருகி எரிந்தால், அது ஏன் எரிந்ததென்பதை மாணவன் ஒரு வசனத்திற் சொல்லும்வரை புதிய உருகி தரமாட்டார். சொல்லத் தெரியாதவன் மணியடிக்கும்வரை சும்மா நிற்கவேண்டும். நாம் பலமுறை நின்றிருக்கின்றோம், அவர்மீது சினந்துமிருக்கின்றோம். இப்பொழுதோ அறுபதாண்டு கடந்து, அந்நிய நாட்டு வீடொன்றில், நாற்பது விருந்தினர் நடுவே, அந்த ஒரு வசனத்தைச் சொல்ல எமக்குத் தெரியவில்லை.

செருகியைக் கழற்றினோம். முதியவரிடம், "ஐயா, இதை இன்று ஓட்ட மாட்டோம், காரணம் எமக்கே தெரியவில்லை," என்று சொன்னோம். அவர் முகம் வாடியது. அன்றிரவு பெட்டி பாடவில்லை. விருந்தினர் தாமே பாடினர்.

மூலகாரணம்

மறுநாட் காலை, செய்யவேண்டியதைச் செய்தோம். மின்வழங்கற் பலகையை விட்டு, அது யாருக்கு மின் வழங்குகின்றதோ அவரை ஆராய்ந்தோம். ஒரே வகையான வரிச்சுருள்கள் பக்கத்திற் பக்கத்தே இருந்தன. ஒன்றின் தடை 12 ஓம். அதன் அயலிலிருந்த மற்றொன்று, தட்டைப் பற்றும் கையை இயக்குவது, 3 ஓம் மட்டுமே காட்டியது. அதன் மேற்சுற்று கறுத்து, எரிந்த வார்னிஷ் மணம் வீசிற்று. 27 வோல்ற்றில் 12 ஓமுக்கு 2.25 அம்பியர், 3 ஓமுக்கோ 9 அம்பியர். யாவும் ஒருங்கே விளங்கின. 4 அம்பியர் உருகி 9ஐத் தாங்காது, எரிந்தது. 10 அம்பியர் உருகி 9ஐ எத்துணை நேரமும் தாங்கும், எரியவில்லை. உருகி எரியாமையால் இணைப்பி எரிந்தது, சீராக்கி எரிந்தது, எஞ்சியிருந்தது நிலைமாற்றியும் மரப்பெட்டியும் அதன் கீழே விரித்திருந்த கம்பளமுமே.

சுருள் ஏன் கெட்டது? அதனுள்ளே ஓடும் இரும்புத்தண்டில் ஐம்பதாண்டுக்கு முன் பூசிய கிறீசு, காய்ந்து பிசினாகியிருந்தது. தண்டு முழுதும் உள்ளே சென்றால்தான் முனையிலுள்ள ஆளி ஓட்டத்தைத் துண்டிக்கும். பிசினில் ஒட்டிய தண்டு பாதிவழியில் நின்றது, ஆளி திறக்கவில்லை. கணப்பொழுது மட்டும் மின்னேறவென அமைந்த சுருள், தொடர்ந்து மின்னேறிச் சூடாகி, காவல் வார்னிஷ் வெந்து, சுற்றோடு சுற்று ஒட்டித் தடை குறைந்தது. ஆக, மின்வழங்கற் பலகை குற்றவாளியன்று, அது பாதிக்கப்பட்டது. குற்றம் ஒரு துளிக் காய்ந்த கிறீசு.

ஐசோபுரோப்பைல் அற்ககோலாற் பிசினைக் கழுவி, தண்டு தன்பாட்டில் வழுக்கி விழும்வரை துடைத்து, மாற்றுச் சுருளொன்றைத் தேடிப் பொருத்த மேலும் மூன்று வாரம் சென்றது. பின் 4 அம்பியர் உருகியை இட்டோம். அவ்வுருகியே இன்றும் அதில் இருக்கின்றது. விழாநாள் கழிந்தபின் பாடிய பெட்டியை முதியவர் எவ்வாறு ஏற்பாரோ என்று அஞ்சினோம். அவரும் மனைவியும் மட்டும் இருந்த ஒரு மாலையில் அதைப் பாடச்செய்தனராம். நாற்பது பேர் இல்லாதது நன்றாயிற்று என்று அவ்வம்மையார் பின்னர் எமக்குச் சொன்னார்.

மாணவர்க்கு

இதிற் கற்கவேண்டியவை சில. பலகையைத் திருத்துமுன் அதன் சுமைகளை ஒவ்வொன்றாய் அளத்தல் வேண்டும். நாம் அளந்திருந்தால் இரண்டு நிமிடத்திற் கண்டிருப்போம். ஒரே வகையான இரண்டு உறுப்பு இருக்குமிடத்து, ஒன்றை மற்றதனோடு ஒப்பிடுதல் எவ்விளக்கப்படத்தினும் விரைவான வழி. விதித்ததிற் பெரிய உருகி, சத்தமிட்ட காவலாளியின் வாயைக் கட்டுவதற்கு ஒப்பாகும். நோயை அறிந்து, அதன் முதலையும் அறிந்து, பின்னரே தீர்க்கும் வழியை நாட வேண்டுமென வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வைத்த முறை, மருத்துவர்க்கு மட்டும் உரியதன்று.

நம் ஊரிலே இசைப்பெட்டிகளைக் காண்டல் அரிது. ஆயினும் திருவிழாவில் முழங்கும் ஒலிபெருக்கியிலும், வீட்டிலுள்ள பற்றரி மின்னேற்றியிலும், ஆய்வுகூடத்து மேசையிலும் இதே நான்கு படிகள் பெரும்பாலும் அமைந்திருக்கும், உருகியும் இருக்கும். அடுத்த முறை அது எரியும்பொழுது, புதியதை எடுக்குமுன், ஏன் எரிந்ததென்று ஒரு வசனத்திற் சொல்லிப் பாருங்கள். சொல்ல வராவிட்டால், எமது ஆசிரியர் எம்மை நிறுத்தியதுபோலச் சற்று நில்லுங்கள்.